வீட்டிலேயே கையடக்க கேம் கன்சோல் செய்ய சிம் லிம் டவர் எப்படி? மூன்று மாத அனுபவம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் எழுதுவது சிங்கப்பூரில் இருக்கிற சிம் லிம் டவரைப் பற்றி. கம்ப்யூட்டரும் கைப்பேசியும் விற்கிற சிம் லிம் ஸ்குவேர் வேறு, அது ரோச்சோர் எம்ஆர்டியை ஒட்டி இருக்கிறது. டவர் அதற்கு எதிர்ப்பக்கம், 10 ஜாலான் புசார். தேக்காவில் பசியாறிவிட்டு நடந்தே போய்விடலாம். கீழ்த்தளங்களில் சின்னச் சின்னக் கடைகள், ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து கூரை வரை இழுப்பறைகள், அவற்றுக்குள் ரெசிஸ்டர், சுவிட்ச், ஸ்பீக்கர், வயர், முனை, திருகாணி என்று எலெக்ட்ரானிக் வேலைக்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம்.

என் அக்கா மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். ஜூன் விடுமுறை தொடங்கிய அன்று, "மாமா, கேம்பாய் மாதிரி ஒண்ணு நாமளே செய்யலாமா?" என்று கேட்டான். செய்தோம். மூன்று மாதம் ஆனது, டவருக்கு ஏழு தடவை போனோம், இப்போது அவன் பள்ளிப்பையில் வேலை செய்கிற ஒரு கருவி இருக்கிறது. அதே ஆசையில் இருக்கிற மற்றவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய விளையாட்டுகளை விளையாடினால் போதும் என்றால் எதுவும் செய்யாதீர்கள், தயாராக விற்கிற சீனக் கருவி ஒன்றை வாங்குங்கள், அது மலிவு, திரையும் நன்றாக இருக்கும். கையால் ஒரு பொருளை உருவாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இந்த மதிப்பீடு.

என் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூளையையும் (விளையாட்டை ஓட்டுகிற சின்னக் கணினிப் பலகை) திரையையும் இணையத்தில் வாங்குங்கள். கை தொடுகிற பாகங்களையும், மின்சாரம் ஓடுகிற பாகங்களையும் டவரில் நேரில் போய்ப் பார்த்துத் தொட்டு வாங்குங்கள். எங்களுக்கு இது ஒரு சார்ஜர் பலகையைக் கருக்கிய பிறகுதான் புரிந்தது.

அந்தக் கதை இது. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் இணையத்திலேயே வாங்கிவிடலாம் என்று நினைத்து ஒரு கடையில் 2000 மில்லியாம்ப்-மணி லித்தியம் பேட்டரியும் இன்னொரு கடையில் சார்ஜர் பலகையும் வாங்கினோம். இரண்டிலும் அதே வெள்ளை நிற ஜேஎஸ்டி முனை, கச்சிதமாகப் பொருந்தியது. பொருத்திய மறுநொடி பலகையிலிருந்து புகை. பிடுங்கிப் போட்டுவிட்டுப் பார்த்தால், பேட்டரி முனையில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி இருந்தன. அந்த முனையில் எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒப்புக்கொண்ட விதி கிடையாது. ஒருவர் ஒரு மாதிரி வைப்பார், அடுத்தவர் மாற்றி வைப்பார், முனை மட்டும் எல்லாவற்றிலும் பொருந்தும். இதை விற்ற கடையின் இணையப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதினான்கு வயதுப் பையன் கையில் லித்தியம் பேட்டரி சூடாவதைப் பார்த்தபோது எனக்கு உடம்பே பதறிவிட்டது.

மறுநாள் கருகிய பலகையை எடுத்துக்கொண்டு டவருக்குப் போனோம். முதல் கடையில் அந்தப் பொருள் இல்லை. இரண்டாவது கடையில் எழுபது வயதிருக்கும் ஒரு சீன அங்கிள், பலகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், பேட்டரியைக் கேட்டார், வோல்ட் அளக்கிற மீட்டரை வைத்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் எண்ணைப் பையனிடம் காட்டினார். எண்ணுக்கு முன்னால் மைனஸ். அப்புறம் ஒரு ஊசியால் முனையின் சின்னப் பிளாஸ்டிக் நாக்கைத் தூக்கி, வயரை உருவி, இடம் மாற்றிச் செருகிக் காட்டினார். இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உருவ வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். "எப்போதும் முதலில் மீட்டர், அப்புறம்தான் செருகுவது" என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். அன்றைக்கு அவரிடம் நாங்கள் வாங்கியது சில வெள்ளிக்கான (சிங்கப்பூர் டாலர்) சாமான்தான். அந்தப் பேட்டரியைப் பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டு வேறொன்று வாங்கினோம், அதை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் சறுக்குவது இங்கேதான். எல்லாரும் வாங்குகிற மலிவான சார்ஜர் பலகையில் டிபி4056 என்ற சில்லு இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வெறும் சார்ஜர் மட்டும். இன்னொன்றில் டிடபிள்யூ01 என்ற பாதுகாப்புச் சில்லும் சேர்ந்திருக்கும், பேட்டரி அடியோடு வடிந்துபோகாமலும் ஷார்ட் ஆனால் துண்டித்துவிடவும் அது வேண்டும். பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், சில்லுகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பலகை வழக்கமாக 1 ஆம்பியர் வேகத்தில் சார்ஜ் செய்யும், அதை 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று தீர்மானிக்கிறது. 2000 பேட்டரிக்கு அது சரி. 500 மில்லியாம்ப்-மணிச் சின்னப் பேட்டரி வைத்தால் அந்த வேகம் ஆபத்து, கூடுதல் ஓம் உள்ள ரெசிஸ்டராக மாற்ற வேண்டும். யுஎஸ்பி-சி துளை உள்ள மலிவுப் பலகைகள் சிலவற்றில் இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைக்காமலே விட்டிருப்பார்கள், அதனால் இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது, பலகை கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பழைய யுஎஸ்பி-ஏ கேபிளில் ஏறும்.

இன்னொன்று, சார்ஜ் ஏறும்போதே விளையாடுவதற்கு இந்தப் பலகை ஏற்றதல்ல. கருவி இழுக்கிற மின்சாரத்தையும் பேட்டரிக்குப் போகிற மின்சாரத்தையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது, பேட்டரி நிரம்பியதா என்று குழம்பும். எங்கள் வீட்டில் சார்ஜ் போட்டால் விளையாட்டு நிறுத்தம், அக்காவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

எங்கள் கருவியின் மூளை ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினிப் பலகை. 2021 அக்டோபரில் 15 அமெரிக்க டாலர் விலையில் வந்தது. 65க்கு 30 மில்லிமீட்டர், நான்கு கோர், 1 கிகாஹெர்ட்ஸ், 512 மெகாபைட் நினைவகம். கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் எல்லாம் சிக்கலில்லாமல் ஓடும், முதல் பிளேஸ்டேஷன் பெரும்பாலும் ஓடும், நின்டெண்டோ 64க்கு ஆசைப்படாதீர்கள். மூளையைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. எல்லாரும் இதில்தான் அதிக நேரம் செலவழிக்கிறார்கள், உண்மையில் இதுதான் மிகச் சுலபமான முடிவு.

திரைதான் தலைவலி. நாங்கள் வாங்கியது 2.8 அங்குலம், 320க்கு 240, ஐஎல்ஐ9341 சில்லு, எஸ்பிஐ இணைப்பு. மலிவு, பலகையில் அது பிடிக்கிற இணைப்புக் கால்களும் கொஞ்சம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படத்துக்கு 320 பெருக்கல் 240 பெருக்கல் 16, அதாவது 1,228,800 பிட். வினாடிக்கு 60 படம் என்றால் 73 மில்லியனுக்கும் மேல். எஸ்பிஐயை 40 மெகாஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 40 மில்லியன் பிட் என்று ஓட்டினால் வினாடிக்கு 32 படம்தான் தேறும். இதற்காகவே எழுதப்பட்ட எஃப்பிசிபி-ஐஎல்ஐ9341 என்ற இலவச மென்பொருள் முந்தைய படத்திலிருந்து மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்புகிறது, அதனால்தான் விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அது பழைய வகை இயங்குதளத்தில்தான் வேலை செய்யும். பழைய விளையாட்டுகளை ஓட்டுகிற மென்பொருள் தொகுப்பான ரெட்ரோபையின் 2022 மார்ச்சில் வந்த 4.8 பதிப்பு, பஸ்டர் என்ற அந்தப் பழைய இயங்குதளத்தின்மேல் கட்டப்பட்டது, எங்களுக்கு அது பொருந்தியது. புதிய இயங்குதளத்தைப் போட்டுவிட்டு ஒரு வாரம் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அந்த வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் 640க்கு 480 திரையைப் பாருங்கள். கேம்பாயின் திரை 160க்கு 144. அதை 320க்கு 240இல் இரண்டு மடங்காக்கினால் உயரம் 288 ஆகி வெளியே போய்விடும், ஆகவே பின்னத்தில் பெருக்க வேண்டியிருக்கிறது, புள்ளிகள் சில தடித்தும் சில மெலிந்தும் தெரியும். 640க்கு 480இல் சரியாக மூன்று மடங்கு அடங்கும், கேம்பாய் அட்வான்ஸின் 240க்கு 160 இரண்டு மடங்கு அடங்கும். பிக்சலைப் பார்த்து மகிழ்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் அந்தத் திரைகள் பலவும் டிபிஐ என்ற இணைப்பைக் கேட்கும், 18 பிட் வண்ணத்துக்கே 22 கால்கள் போய்விடும், ராஸ்பெர்ரி பையில் இருப்பது 28, மிச்சம் ஆறு. உங்களுக்கு வேண்டிய பட்டன்களோ நான்கு திசை, நான்கு எழுத்து, ஸ்டார்ட், செலக்ட், இரண்டு தோள் பட்டன் என்று பன்னிரண்டு. அப்போது பட்டன்களைத் தனியாகப் படிக்க ராஸ்பெர்ரி பிக்கோ என்ற இன்னும் சின்னப் பலகையையோ எம்சிபி23017 சில்லையோ சேர்க்க வேண்டும். முதல் முறை செய்கிறவர்களுக்கு எஸ்பிஐ திரையே போதும் என்பது என் கருத்து.

இனி பட்டன்கள். டவர் தன் மதிப்பைக் காட்டியது இங்கேதான். இணையத்தில் "6×6 டாக்ட் சுவிட்ச்" என்று தேடினால் எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருக்கும். டவரில் நான் கேட்டதும் கடைக்காரர் ஐந்து வகையை மேசையில் கொட்டினார். உயரம் வேறு, அழுத்தம் வேறு, சத்தம் வேறு. பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். ஒன்று கட்டைவிரலை வலிக்கச் செய்கிற அளவுக்குக் கடினம். ஒன்று அழுத்தினால் அடுத்த அறைக்குக் கேட்கும், வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு அந்தச் சத்தத்தோடு விளையாட முடியாது. ரப்பர்போல மெத்தென்று அமுங்குகிற ஒரு வகை இருந்தது, விலை சற்றுக் கூடுதல், அதையே பன்னிரண்டு வாங்கினோம், உடைந்தால் இருக்கட்டும் என்று மேலும் நான்கு. இந்த முடிவை எந்தப் படத்தைப் பார்த்தும் எடுத்திருக்க முடியாது.

சிலுவை வடிவத் திசைப் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் அதை 1982இல் டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச் கருவிக்காக வடிவமைத்தார். அதன் ரகசியம் நடுவில் இருக்கிறது. சிலுவையின் அடியில் நடுவே ஒரு மேடு, அதன்மேல் சிலுவை சாய்ந்தாடும், அதனால் இடமும் வலமும் ஒரே நேரத்தில் அமுங்காது. நாங்கள் 3டி இயந்திரத்தில் முதலில் அச்சிட்ட சிலுவையில் அந்த மேடு இல்லை, மொத்தச் சிலுவையும் உள்ளே இறங்கி நான்கு சுவிட்சும் சேர்ந்து அமுங்கின. மேடு வைத்ததும் சரியாகிவிட்டது. பட்டனுக்கும் அதன் துளைக்கும் இடையே கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் ஒட்டாமல் எழும்பி வருகிறது.

1989இல் கேம்பாயைக் கொண்டுவந்தபோதும் யோகோய் அதே மனிதர்தான். மற்றவர்கள் வண்ணத் திரை என்று போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் விளக்கே இல்லாத பச்சைத் திரையையும் நான்கு ஏஏ பேட்டரியையும் தேர்ந்தெடுத்தார். மறு ஆண்டு வந்த சேகாவின் கேம் கியருக்கு ஒளிரும் வண்ணத் திரை இருந்தது, ஆறு பேட்டரி போட்டாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான் தாங்கும். எந்தக் கருவி வென்றது என்பது எல்லாருக்கும் தெரியும். என் அப்பா சுங்கை ரோடு சந்தையில் தார்ப்பாயில் பரப்பியிருந்த சாமான்களுக்கு நடுவிலிருந்து எனக்கு ஒரு பழைய கேம்பாய் வாங்கித் தந்தார், பேட்டரி மூடி இல்லை, ரப்பர் பேண்டு போட்டுத்தான் விளையாடுவேன். அந்தச் சந்தை 2017 ஜூலையோடு மூடப்பட்டது. டவருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் என்னால் நடக்க முடிவதில்லை.

எங்கள் பேட்டரிக் கணக்கு இது. 2 ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட், பெருக்கினால் 7.4 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்துகிற பலகையில் பத்து சதவீதத்துக்கு மேல் வீணாகும். பை, திரை, ஸ்பீக்கர் சேர்ந்து ஏறக்குறைய 2 வாட் இழுக்கின்றன. மூன்று மணி நேரம் ஓடுகிறது. உயர்த்தும் பலகையை மட்டும் மிக மலிவாக வாங்கிவிடாதீர்கள். வோல்ட் அளவுக்கு மேல் இறங்கினால் ஜீரோ வகைப் பை முன்கூட்டி எச்சரிக்கை எதுவும் காட்டாது, விளையாட்டின் நடுவில் அப்படியே நின்றுவிடும், மெமரி கார்டும் கெட்டுப்போகலாம்.

ஒலிக்கு மேக்ஸ்98357ஏ என்ற ஐ2எஸ் (டிஜிட்டல் ஒலி இணைப்பு) பலகை. ஸ்பீக்கர் டவரில் வாங்கியது, 28 மில்லிமீட்டர், 8 ஓம். கடையில் நாங்கள் கேட்டதும் அதைச் சோதித்துக் காட்டினார்கள். பெட்டிக்குள் வெறுமனே ஒட்டியபோது தகர டப்பா போலக் கேட்டது, ஸ்பீக்கரின் பின்னால் ஒரு சின்ன அறை அச்சிட்டு இறுக மூடியதும் ஒலி கனத்தது. காசே செலவில்லாத மாற்றம்.

பெட்டியை நண்பர் வீட்டு 3டி அச்சு இயந்திரத்தில் நான்கு முறை அச்சிட்டோம். இயந்திரம் இல்லாதவர்கள் தேசிய நூலக வாரியத்தின் மேக்ஐடி இடங்களைப் பாருங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும், நம் ஊர் மதிய வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேட்டரி உள்ளே இருப்பதால் அது இரட்டிப்பு முக்கியம். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

விளையாட்டுகளுக்கு வருகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பழைய விளையாட்டுக் கோப்புகளில் பெரும்பாலானவை இன்னும் ஒருவருடைய சொத்து, அவற்றை இறக்குவதைப் பையனுக்குப் பழக்க எனக்கு மனமில்லை. ஆர்வலர்கள் புதிதாக எழுதி அவர்களே இலவசமாகத் தருகிற விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன. அதைவிட நல்லது, ஜிபி ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் நாமே கேம்பாய் விளையாட்டு செய்யலாம். பையன் ஒன்று செய்திருக்கிறான். பாட்டி தேக்காவில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு மழை வருவதற்குள் புளோக்குக்குத் திரும்ப வேண்டும். பேச்சு தமிழில் வர வேண்டும் என்று அவனே பிடிவாதம் பிடித்தான். கேம்பாயின் ஒரு கட்டம் 8க்கு 8 புள்ளி, அதற்குள் 'கை' அடங்காது, 'ணௌ' நினைத்தே பார்க்க முடியாது. கடைசியில் ஒவ்வொரு எழுத்தையும் 16க்கு 16இல் காகிதத்தில் கட்டம் போட்டு வரைந்து, வசனங்களைப் படமாகவே உள்ளே வைத்தான். 'ழ'வின் கால் எங்கே வளைய வேண்டும் என்று இரண்டு நாள் எங்களுக்குள் வாக்குவாதம். தமிழ் வகுப்பில்கூட அவன் 'ழ'வை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டான்.

செலவு, கருகிய பலகையையும் சேர்த்து ஏறக்குறைய 110 வெள்ளி. சால்டர் இரும்பும் மீட்டரும் என்னிடம் ஏற்கெனவே இருந்தன.

டவருக்குப் போகிறவர்கள் கவனிக்க: சனிக்கிழமை காலை நல்ல நேரம், ஞாயிறு நாங்கள் போனபோது பல கடைகள் பூட்டியிருந்தன. பொருளின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, மாதிரியைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், இழுப்பறையிலிருந்து வந்துவிடும். அச்சிட்ட பெட்டியையும் கொண்டுபோங்கள், சுவிட்சின் உயரத்தை அங்கேயே வைத்துப் பார்க்கலாம், நாங்கள் அதைச் செய்யாமல் இரண்டு முறை அலைந்தோம். கூட்டமான நேரத்தில் வளவளவென்று கேள்வி கேட்காமல் கொஞ்சம் காத்திருந்தால் அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். ராஸ்பெர்ரி பையும் திரையும் நாங்கள் கேட்ட கடைகளில் இல்லை, அவற்றை முன்பே இணையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். வருகிற சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். அடுத்த கருவியை பிக்கோவில் செய்யலாம் என்று பையன் திட்டம் போட்டிருக்கிறான், நான்கு டாலர் பலகை, 264 கிலோபைட் நினைவகம், சுவிட்சைத் தட்டியதும் விளையாட்டு வந்துவிடும், அணைக்கும்போது மெமரி கார்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வாங்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். அதில் முதல் வரி, "அங்கிளிடம் பாட்டி கேமைக் காட்ட வேண்டும்."